கண்ணனின் கண்ணில் உள்ளி

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினாறாம் நாள், சனிக்கிழமை, கிருஷ்ண ஜெயந்தி. நான்கு வயதுக் குழந்தை ஒருத்தியின் கண்களில் சின்ன உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தைத் தேய்த்து அழவைத்து, அந்த அழுகையைப் படம்பிடித்து, 'உரலில் கட்டுண்ட கண்ணன்' என்று பெயரும் சூட்டி ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள். ஊர் அதைப் பார்த்துச் சிரித்தது. முப்பத்தோராயிரம் பேர் இதயக் குறி இட்டார்கள். 'இந்தக் குழந்தை ஏன் உண்மையாகவே அழுகிறது?' என்று அவர்களுள் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குழந்தையைப் பெற்ற ஆதிராவுக்கே அந்த உண்மை அன்று காலை ஏழு மணிக்குத்தான் தெரிந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவள் கொட்டாரத்தில், தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருந்தாள். சுசீந்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அவளுடைய கணவன் மகேஷ்குமார், மகள் நந்தனாவுக்குக் கண்ணன் வேடம் இட்டுப் படம் எடுத்தான். வேடம் புனைந்தவள் அவனுடைய அக்காள் அன்னக்கிளி. கணவன் இறந்தபின் தம்பி வீட்டோடு இருப்பவள். நோன்பு நாள்கள் அனைத்தையும் பிசகாமல் அனுசரிப்பவள் என்று தெருவில் பெயர் எடுத்தவள்.

அன்று மாலை ஆதிரா வீடு திரும்பியபோது குழந்தையின் கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"கண்ணுநோவு ஊரெல்லாம் பரவுகுல்லா, அதுதான்" என்றாள் அன்னக்கிளி.

ஆதிரா நம்பினாள். கடையிலிருந்து சொட்டு மருந்து வாங்கிவந்து, வேளைக்கு இரண்டு சொட்டாக நான்கு நாள் தன் கையாலேயே விட்டாள். இல்லாத நோய்க்கு மருந்து!

வியாழக்கிழமை, உடன் வேலை பார்க்கும் ஜெபகுமாரி கைபேசியை நீட்டினாள். "ஏட்டி, இது ஒனக்க பிள்ளதானே? என்னமா நடிக்கா, பாரு!" தேங்காய்த் தும்புக் கயிற்றால் உரலோடு சேர்த்துக் கட்டப்பட்டு, மை வழியும் கன்னத்தோடு, மூச்சு வாங்க வாங்க அழுதுகொண்டிருந்தாள் நந்தனா. மகேஷ்குமாரிடம் கேட்டதற்கு அவனும் அதே சொல்லைத்தான் சொன்னான்: நடிப்பு. அந்த நடிப்பைப் பாராட்டி, ஜெயந்தி ஊர்வலத்தில் வண்டியின்மேல் அவளையே கண்ணனாக உட்காரவைப்பதென்று ஊர்வலக் குழு முடிவு செய்துவிட்டது.

நந்தனா மட்டும் வேண்டாம் என்றாள்.

அதுதான் ஆதிராவுக்குப் புரியாமல் இருந்தது. கண்ணன் கதை இல்லாமல் ஒரு வாய்ச் சோறு இறங்காத குழந்தை அவள். உறியில் இருந்த வெண்ணெயைத் தின்றுவிட்டு, தூங்குகிற பூனையின் வாயில் மிச்சத்தைப் பூசிவிட்டுப் போனவன் அவளுடைய கண்ணன். மண் தின்ற கதை வரும்போது, பருப்புச்சோறு நிறைந்த வாயை அகலத் திறந்து, "உள்ள என்ன தெரியுது?" என்று அதட்டுவாள்.

"கன்னியாரி கடலு தெரியுது" என்பாள் ஆதிரா.

"ஒனக்க மருந்துக்கடை தெரியுதா?"

"தெரியுது. ஜெபாக்கா நின்னு மாத்திரை வெட்டுகா."

அந்தக் குழந்தைதான் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, கதையைத் தொடங்கினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மெல்லச் சொன்னது:

"கண்ணன் வேண்டாம்மா. கண்ணனா இருந்தா கண்ணு எரியும்."

கூச்சத்தினால் சொல்கிறது என்று ஆதிரா எண்ணிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, வேடத் துணிகளை வெயிலில் உலர்த்தலாம் என்று மூட்டையை அவிழ்த்தாள். மஞ்சள் பட்டின் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு காகிதச் சுருள் விழுந்தது. பிரித்தாள். பாதியாக நறுக்கிய சின்ன உள்ளி. ஆறு நாளில் காய்ந்து சுருங்கியிருந்தது. ஆயினும் நாற்றம் போகவில்லை. வெட்டுவாயில் கண்மை அப்பியிருந்தது. அந்த மையில், நூலிழைபோல, ஓர் இமைமயிர் ஒட்டியிருந்தது.

 பூசணம் பூத்த மருந்துப் புட்டிகளையும், புண்ணில் ஒட்டிய கட்டுத் துணிகளையும் முகம் சுளிக்காமல் கையாள்பவள் ஆதிரா. ஓர் இமைமயிரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுக்களையில் அன்னக்கிளி சீடை உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளியும் பூண்டும் கிடந்த கூடையை அவள் முந்தைய நாளே புறவாசலுக்கு வெளியேற்றியிருந்தாள். அந்த வாடை கண்ணனுக்கு ஆகாதாம். உள்ளி நறுக்கிய கத்தியைக்கூடப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

"மைனி, இது என்ன?"

அன்னக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். பதறித்தான் போனாள்; ஆனால் அந்தப் பதற்றத்தின் காரணம் வேறு.

"ஏட்டி! நோம்பு நாளும் அதுவுமா உள்ளிய ஏன் அடுக்களைக்குள்ள கொண்டு வந்தே? தூர எறி அந்தச் சவத்த!"

"அடுக்களைக்கு ஆகாது, இல்லியா? பிள்ளைக்க கண்ணுக்கு ஆகுமோ?"

சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. அன்னக்கிளி அடுப்பைத் தணித்துவிட்டு, மாவுக் கையை நிதானமாகத் துடைத்தாள்.

"ஒரு துளி கண்ணீருக்கா இந்தக் கூப்பாடு? நான் என்ன செய்ய? உரல்ல கெட்டினா பிள்ள சிரிக்கா. இன்னும் முறுக்கிக் கெட்டினா, இன்னும் சிரிக்கா. கெட்டிப்போட்ட கண்ணன் சிரிச்சா அது என்ன கதை? லேசா ஒரு தேய்ப்பு தேய்ச்சேன், அவ்வளவுதான். யசோதை கம்பெடுத்து அடிக்கப் போகல்லியா?"

"போனா. பிள்ள பயந்து நடுங்குகத பாத்த ஒடனே கம்பத் தூக்கி எறிஞ்சா. அந்த எடம் வந்தப்போ நீங்க உறங்கிட்டியளா, மைனி?"

பேச்சுச் சத்தம் கேட்டு மகேஷ்குமார் வந்தான். ஆதிராவின் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தான். உடனே பார்வையை உயர்த்தி, சுழலாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுவே போதுமானதாக இருந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எடுக்கையில தெரியாது. பொறவுதான்..."

"பொறவு எப்போ?"

"அன்னைக்கே."

தெரிந்த பிறகு அவன் படத்தை வெட்டினான், ஒட்டினான், புல்லாங்குழல் இசை சேர்த்தான், அதன்பின் ஊருக்கு ஏற்றினான். மகளின் கண்களில் சொட்டு மருந்து விழும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "கரையாத மக்ளே, இப்போ சரியாயிரும்" என்று அவள் அழுகையைத் தேற்றியவனும் அவனே.

"அந்தப் படத்த அழியுங்க. பிள்ள ஊர்வலத்துக்கு வராது."

"நோட்டீஸ் அடிச்சாச்சு, ஆதிரா. ரோடெல்லாம் பிளெக்ஸு வச்சாச்சு. ஊர்வலக் குழு முருகதாஸ் அண்ணன் என்ன நெனப்பாரு?"

"பிள்ள என்ன நெனப்பான்னு ஒருக்காவது யோசிச்சியளா?"

அவன் தலைகுனிந்தான். சாயங்காலத்துக்குள் படத்தை அழித்துவிடுவதாகச் சொன்னான். அன்னக்கிளியோ பூசை அறைக்குச் சென்று, எரிகின்ற குத்துவிளக்கின்மேல் கையை நீட்டிச் சத்தியமே செய்தாள்.

"இந்த வெளக்கு சாட்சியா, பிள்ளைய நான் வண்டியில ஏத்தமாட்டேன். போதுமா? போ, போயி வேலையப் பாரு."

கடை முதலாளி ஊரில் இல்லை. ஆதிரா போகாவிட்டால், பிறந்தநாள் கொண்டாடும் கண்ணனுக்கு நட்டம் இல்லை. இன்சுலினுக்கு வந்து நிற்பவர்களுக்கு நட்டம். சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டுப் பேருந்து ஏறினாள். விளக்கின்மேல் செய்த சத்தியத்தை மீற இந்த வீட்டில் ஆள் இல்லை என்று அவள் நம்பினாள். ஏமாந்தவள் என்று அவளை யாரும் ஏளனம் செய்ய வேண்டா. சத்தியம் செய்தவரை நம்புவது குற்றம் அன்று.

கடையில் அவள் சொன்னதைக் கேட்ட ஜெபகுமாரி, நறுக்கிக்கொண்டிருந்த மாத்திரை அட்டையை அப்படியே வைத்துவிட்டாள்.

"நான் அதுக்கு ஹார்ட்டு போட்டேனே, ஆதிரா. மூணு வாட்டி பாத்தேனே."

கைபேசியை எடுத்து, இட்ட குறியை நீக்கினாள். நீக்கியபின்னும் கையை ஓவர்கோட்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க சர்ச்சில கிறிஸ்மசுக்குப் பாலன் வேசத்துக்குப் பிள்ளையக் கெடத்துவோம். ஒரு வருசம் எனக்க அக்கா மவன் வைக்கோல்ல ஒண்ணுக்கு அடிச்சிட்டு, ஆட்டுக்குட்டி வேசம் போட்ட பயலுக்க காதப் புடிச்சு இழுத்தான். சிரிச்சிட்டு விட்டோம். பிள்ளன்னா அதுதானே? சாமி பிள்ளையா வந்ததே அதுக்குத்தானே?"

ஆதிரா விரல் நுனியை முகர்ந்து பார்த்தாள். உள்ளி நாற்றம் இன்னும் இருந்தது.

பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். ஜெபகுமாரி, "ஏட்டி..." என்றாள். அந்த ஒரு சொல்லின் தொனியைக் கேட்டே ஆதிரா அருகே ஓடிவந்தாள். கைபேசியில் ஊர்வலத்தின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. வாழைக்குலை கட்டிய டிராக்டர் வண்டி. நடுவே மர உரல். மயிற்பீலி சூடிய தலை ஒன்று உரலோரம் குனிந்திருந்தது.

"நீ ஓடு. கடைய நான் பாத்துக்கிடுகேன். ஓடு!"

ஓவர்கோட்டைக் கழற்றக்கூட நினைவில்லாமல் ஓடினாள். மாத்திரை அட்டைகளை நறுக்கும் சிறிய கத்திரிக்கோல் அதன் பையிலேயே கிடந்தது.

பேருந்தில் அவளுக்கு முன்னிருக்கையில் ஓர் இளம்பெண், மடியில் இருந்த கைக்குழந்தைக்குக் கைபேசியைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாரு மக்ளே, கண்ணன் எப்பிடிக் கரையுகான், பாரு!" அது அந்தப் பழைய படந்தான். புல்லாங்குழல் ஒலித்தது. கைக்குழந்தை கண்ணனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கத் தொடங்கியது. அதையும் அந்தப் பெண் ரசித்தாள்.

சுசீந்திரத்தில் இறங்கியதும், முதலில் எதிர்ப்பட்டது பிளெக்ஸ்தான். ஓர் ஆள் உயரத்துக்கு நந்தனாவின் அழுத முகம். ஒவ்வொரு கண்ணீர்த் துளியும் தேங்காய் அளவு. கீழே, 'வருக, கண்டு மகிழ்க' என்று எழுதியிருந்தார்கள். மகிழ்க!

ஊர்வலம் தெருமுனையில் நின்றிருந்தது. செண்டைமேளம் ஓய்ந்திருந்தது. வண்டியைச் சுற்றி முந்நூறு பேராவது இருக்கும். எல்லாக் கைகளும் கைபேசியோடு தலைக்குமேல் உயர்ந்திருந்தன. உரலோடு இடுப்பில் கட்டுண்டு இருந்தாள் நந்தனா. அருகே, பட்டுடுத்தி, கொண்டையில் பூச்சூடி, மத்தும் கையுமாக யசோதையாக நின்றாள் அன்னக்கிளி.

"பிள்ள கரையல்லியே?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"வீடியோவுல கரஞ்சுதே?"

"அக்கா, கொஞ்சம் கரைய வையுங்கக்கா! பிள்ளேள் எல்லாம் பாக்க வந்திருக்குல்லா!"

அன்னக்கிளி சிரித்தாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவினாள். வியர்வையைத் துடைப்பவளைப்போலக் குழந்தையின் முகத்தருகே கொண்டுபோனாள். கைக்குட்டை இன்னும் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதற்குள் நந்தனா தன் இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

அந்த மூடலை ஆதிரா பார்த்தாள். ஒரு வாரத்துக்குள் என்ன பாடம் கற்றிருக்கிறது அந்தக் குழந்தை!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எப்படிப் போனாள், வண்டியின்மேல் எப்படி ஏறினாள் என்று பின்பு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கைக்குட்டையைப் பறித்தாள்.

"வெளக்கு மேல சத்தியம் செஞ்சீங்களே, மைனி!"

"நான் வண்டியில ஏத்தல்லியே. முருகதாஸ்தானே தூக்கி ஏத்தினாரு" என்றாள் அன்னக்கிளி, கண்ணைக்கூட இமைக்காமல்.

இதற்குமேல் அவளிடம் பேச எதுவும் இல்லை. ஆதிரா மண்டியிட்டாள். பையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்தாள். தும்புக் கயிறு தடிப்பானது, கத்திரிக்கோலோ சிறியது. இழை இழையாக அறுத்தாள். கயிறு அறுந்து விழுந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

குழுச் செயலாளர் முருகதாஸ், வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தங்கச்சி, என்ன காரியம் செய்யுக? ஊர்வலம் நிக்குகு! எலே, வேற கயிறு கொண்டு வாங்கலே!"

"கொண்டு வாருங்க" என்றாள் ஆதிரா.

வேறொரு கயிறு வந்தது. அவர் நீட்டினார். அவள் வாங்கினாள், அவருடைய கண்ணெதிரிலேயே அதையும் இரண்டாக அறுத்தாள்.

"தங்கச்சி!"

"யசோதை எத்தன கயிறு கொண்டுவந்து கெட்டினாலும் ரெண்டு வெரலு கொறையும், அண்ணா. அதாக்கும் கதை. பிள்ள மனசு வச்சாத்தான் கெட்ட முடியும். எனக்க பிள்ள மனசு வைக்கல்ல. நீங்க ஊர்ல உள்ள கயிறெல்லாம் கொண்டு வாருங்க. எனக்க கையில கத்திரி இருக்கு."

பெண்கள் நின்றிருந்த பக்கம் யாரோ குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. "கொள்ளாம் பிள்ளே!" என்று பாராட்டும் குரல் ஒன்று எழுந்தது. முருகதாஸ் மூன்றாவது கயிற்றுக்கு ஆள் அனுப்பவில்லை.

ஆதிரா கைக்குட்டையை உதறினாள். புதிதாக நறுக்கிய உள்ளித் துண்டு ஒன்று வண்டிப் பலகையில் விழுந்து உருண்டது. அதை எடுத்து, மறு கையால் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்நூறு பேருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இன்னா பாத்துக்கிடுங்க! நீங்க ஹார்ட்டு போட்ட கண்ணீர் இதுல இருந்தாக்கும் வந்தது. கண்ணுநோவுன்னு சொல்லி நாலு நாளு மருந்து விட்டேன் நான். யாருக்கு இன்னும் பாக்கணும்? முன்னால வாங்க. ஒங்க கண்ணுல தேய்ச்சுப் பாருங்க. ஒங்க பிள்ளைக்க கண்ணுல தேய்ச்சுப் பாருங்க!"

சிரிப்பு நின்றது. ஒருவரும் முன்னால் வரவில்லை. சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு தாய், தன் இடுப்பில் இருந்த குட்டிக் கண்ணனின் கிரீடத்தைக் கழற்றினாள். ஆயினும் உயர்ந்த கைபேசிகளுள் பாதிக்குமேல் இறங்கவே இல்லை. வெட்கமும் படமாகும் என்று காத்திருந்தன.

நந்தனா மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றொன்றை. தன்னைத் தூக்கியிருப்பவள் யார் என்று தெரிந்ததும் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெடித்து அழுதாள். உள்ளி இல்லாத அழுகை. ஒரு வாரமாக அடைத்துவைத்த அழுகை.

"அம்மா, நான் கண்ணன் இல்ல. நந்தனாம்மா. நான் நந்தனா."

"ஆமா மக்ளே. நீ நந்தனாவாக்கும். கரஞ்சிக்க."

அப்போதுதான் வண்டிக்குக் கீழேயிருந்து, மிகப் பழகிய குரல் ஒன்று வந்தது. தணிந்த குரல், தொழில் செய்யும்போது மட்டும் அவனுக்கு வரும் குரல்.

"ஆதிரா, பிள்ளைக்க முகத்தக் கொஞ்சம் இஞ்சால திருப்பு. வெளிச்சம் நல்லா விழுகு."

மகேஷ்குமார் கேமராவோடு நின்றான். எப்போதிருந்து நிற்கிறான்? கயிறு அறுந்தபோதா, அதற்கும் முன்பா? கேமராவின் நெற்றியில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவன் கண்கள் கலங்கியிருந்தன; அதையும் மறுப்பதற்கில்லை. கலங்கிய கண்ணை வைத்துக்கொண்டே அவன் குவியத்தைச் சரிசெய்தான்.

காலையில் தன் வாயைப் பொத்திய அதே கையால் ஆதிரா மகளின் முகத்தைத் தன் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"அத அணைங்க."

"ஒரு நிமிசம், ஆதிரா. இது வேற மாதிரி வரும். ஒனக்க பேருதான் பெருசா வரும். நிசமான யசோதைன்னு..."

"அதையும் பழசையும் இந்த எடத்துல, எனக்க கண்ணு முன்னால அழிச்சா, நாம மூணு பேருமா வீட்டுக்குப் போவோம். இல்லேன்னா நாங்க ரெண்டுபேரும் எறங்கிப் போவோம். எங்க போவோம்னு கேக்காதீங்க."

அவன் அவளைப் பார்த்தான். அக்காளைப் பார்த்தான். கேமராவின் சிறிய திரையைப் பார்த்தான். அதில் தாயின் தோளில் குலுங்கும் மயிற்பீலி அழகாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவனுடைய கட்டைவிரல் அழிக்கும் பொத்தானின்மேல் போய் நின்றது. நின்றது, அழுத்தவில்லை, விலகவும் இல்லை.

அவனுடைய விரல் அங்கேயே இருக்கட்டும். வாசகரே, உங்கள் விரல் எங்கே இருக்கிறது? அழுகின்ற குழந்தை ஒன்றின் படம் உங்கள் கைபேசியிலும் இருக்கிறது. நீங்கள் எடுத்ததாகவோ, உங்களுக்கு யாரோ அனுப்பியதாகவோ, சிரித்துக்கொண்டே நீங்கள் நான்கு பேருக்கு அனுப்பியதாகவோ இருக்கும். எடுங்கள் கைபேசியை. தேடுங்கள். இந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் அதை அழியுங்கள்.